லூர்து அக்கா நித்திரை கொண்ட கார்

மாதம் எவ்வளவு கட்ட ஏலும்? முப்பது வருடங்களுக்குச் சற்றுக் குறைவான என் உத்தியோகத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். முச்சக்கரவண்டிக்காரரிடம் கேட்டேன், வெங்காயத் தோட்டக்காரரிடம் கேட்டேன், லொறி முதலாளிகளிடம் கேட்டேன். அதற்குப் பதில் சொன்னவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. மேசையைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு, புத்தளத்தில் நான் வேலை செய்த, வாகனங்களுக்குத் தவணைக் கடன் கொடுக்கிற லீசிங் கம்பனிக் கிளையில் இருந்து ரிஸ்னா அடிக்கடி போன் எடுக்கிறாள். இப்போது அங்கே கடன் பகுதியைப் பார்ப்பவள் அவள். ஆட்கள் போனில் படத்தைக் காட்டி, இந்தக் கார்தான் வேண்டும், மாதம் இவ்வளவுதான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம்.

"மிஸ், நீங்க ஒரு தரம் கற்பிட்டிப் பக்கம் ஒரு மீன்காரருக்குப் பெரிய ஜெர்மன் கார் குடுத்தீங்களாமே. அவரோட மாசக் கணக்குக்குள்ள அத எப்படிச் செஞ்சீங்க?" என்று போன வாரம் கேட்டாள்.

போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் உடப்பில் பிறந்தவள். தட்டெழுத்துப் பழகிவிட்டு இந்தக் கம்பனிக்கு வந்தேன். இரண்டு மூன்று வருடம் கடிதம் அடித்தேன், பிறகு கடன் பகுதிக்கு மாற்றினார்கள். வட்டி, தவணை, உத்தரவாதக்காரர், காப்புறுதி எல்லாம் அங்கே இருந்தவர்களைப் பார்த்தே பழகியது. பெயர் செல்வராணி. கம்பனியில் ராணி மிஸ், வெளியில் லீசிங் மிஸ். கல்யாணம் கட்டவில்லை. களப்பை, அந்தக் கடல்நீர் ஏரியைப் பார்த்த ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் முகாமையாளர் குணசேகர சேர். சிலாபத்துச் சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்தி, ஆனால் பிழை இல்லாமல் கதைப்பார். அவருடைய வேலை செய்யும் முறையை நான் வேறு எவரிடமும் பார்க்கவில்லை. ஒரு தொகையை அவர் வாயால் சொல்லவே மாட்டார். சிறு துண்டுத் தாளில் எழுதி, வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். எதிரில் இருப்பவர் கதைக்கும்வரை அவர் கதைக்கமாட்டார். வாகனத்தைப் பார்க்கப் போனால் எல்லாரும் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள். அவர் பின்சீற்றில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். "பொஞ்சாதி புள்ள இருக்கிற இடம் இது. இது சரியில்ல எண்டா காசு ஒழுங்கா வராது" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். "ராணி மிஸ், காசு வாற மாசத்தக் கேக்க வேணாம். வராத மாசத்தக் கேளுங்க."

அதை நான் கேட்டுப் பலரின் பகையைச் சம்பாதித்தேன். கற்பிட்டியில் கடலோரம் கபானாக் குடில்கள் கட்டி, காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்களை வைத்து ஹோட்டல் நடத்திய ஒரு தம்பி புது ஜீப் ஒன்றுக்கு வந்தார். நல்ல காலத்து வருமானத்தைக் காட்டினார். நான் காற்று இல்லாத மாதங்களைக் கேட்டேன். "மிஸ், நீங்க லீசிங் குடுக்க இருக்கிறீங்களா, இல்ல காத்தப் பத்திப் படிப்பிக்க இருக்கிறீங்களா?" என்று எழும்பிப் போய்விட்டார். வேறு கம்பனி கொடுத்தது. தவணை கட்டாததால் அடுத்த வருடமே ஜீப்பை இழுத்துப் போனார்கள். நான் கொடுத்த ஜீப்பும் இல்லை, நான் இழுத்த ஜீப்பும் இல்லை. ஆனாலும் அந்தத் தம்பி இன்றைக்கும் என்னைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கம் போகிறார்.

இந்த உத்தியோகத்தின் தன்மை அப்படி. நான் ஒரு ஒழுங்கைக்குள் நடந்து போனால், வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். கல்யாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் இருப்பவர், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவது போல எழும்பிப் போவார், திரும்பி வரமாட்டார். யாரும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. தேத்தண்ணி தருவார்கள். குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள்.

சவரிமுத்து அண்ணன் வந்த நாளில் அவரும் அப்படி நின்றுகொண்டேதான் கதைக்கத் தொடங்கினார். கற்பிட்டிக்கு இந்தப் பக்கம், களப்பு ஓரமாக வீடு. இரண்டு எஞ்சின் போட் வைத்திருந்தார், கொஞ்சம் வெங்காயமும் செய்தார். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் சிலுவை, காலில் மணல் ஒட்டின செருப்பு. கேட்டது ஒரு ஜெர்மன் கார். அதுவும் நம் பக்கத்தில் அமைச்சர்களும் பெரிய முதலாளிகளும் மட்டுமே வைத்திருக்கிற வகை.

"மாசம் அம்பதாயிரம் கட்டுவன் மிஸ். அதுக்கு மேல ஏலாது."

அந்த வகையில் அவர் விலை விசாரித்து வந்திருந்த காருக்குத் தவணை எழுபதாயிரத்தைத் தொட்டது. பாவித்த காருக்கு விலையில் பாதிக்கு மேல் நாங்கள் கொடுக்கவும் கூடாது. மற்றப் பாதிக்கு ஒரு போட்டை விற்கிறேன் என்றார். போதாது என்றேன். மற்றப் போட்டையும் விற்கிறேன் என்றார்.

"ரெண்டு போட்டையும் வித்தா மாசம் அம்பதாயிரம் எங்கால வரும் அண்ணன்?"

அவர் கதிரையில் இருந்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் மனைவி லூர்து அக்காவுக்குப் புற்றுநோய். மார்பில் தொடங்கி முள்ளந்தண்டுக்கு வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேனில் போனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக் கடித்துக்கொண்டு வருவாராம். ஒரு தரம் இத்தாலியில் இருந்து லீவில் வந்த உறவுக்காரர் வாடகைக்கு எடுத்த, அந்த வகைப் பெரிய காரில் கூட்டிப் போயிருக்கிறார்.

"பாலாவி தாண்ட முதல் நித்திரை மிஸ். கொழும்பு மட்டும் நித்திரை. வீட்டுக் கட்டில்லயும் அவ அப்படி நித்திரை கொண்டு நான் காணல்ல. எந்த வருசத்துக் கார், என்ன கலர், எனக்கு ஒண்டும் தேவையில்ல. அதுக்குள்ள அவ நித்திரை கொள்ளோணும். அவ்வளவுதான்."

மனு உள்ளே போனது. தலைமை அலுவலகம் நிராகரித்தது. மீன்பிடிக்காரருக்குச் சொகுசுக் கார் பொருந்தாது என்று ஒரு வரி. குணசேகர சேர் அந்த வரியைப் படித்துவிட்டு, "நாளைக்கு நாங்க கற்பிட்டிக்குப் போவம்" என்றார்.

சிலாபத்தில் கார் வியாபாரம் செய்த ஹாஜியார் ஒருவரை எங்களுக்குத் தெரியும். அவரிடம் இரண்டு வாகனங்களை எடுத்துவரச் சொன்னோம். ஒன்று, அம்பதாயிரத்துக்குள் இலகுவாக அடங்குகிற ஜப்பான் கார். மற்றது அதே ஜெர்மன் வகை, ஆனால் சவரிமுத்து அண்ணன் கேட்டதைவிடப் பல வருடம் பழையது. பெயின்ற் மங்கியிருந்தது. சில்லுக்கு மேலே இருந்து குலுக்கலைத் தாங்குகிற அந்த மெத்தென்ற அமைப்பு மட்டும் புதிதாக மாற்றியிருந்தது.

லூர்து அக்காவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். மெலிந்த மனுசி, தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். சவரிமுத்து அண்ணன் ஓட்டினார், சேர் அவருக்குப் பக்கத்தில் முன்னால் இருந்தார். நான் பின்னால், அக்காவுக்குப் பக்கத்தில். முதலில் ஜப்பான் கார். ஒழுங்கையின் மணலைத் தாண்டி றோட்டில் ஏறும் இடத்திலேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தவில்லை, முகம்கூட மாறவில்லை. பிடி மட்டும் இறுகியது. கொஞ்சத் தூரத்தில் சேர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

காரை மாற்றும்போது ஆண்கள் எல்லாரும் விலையைக் கதைக்கத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனார்கள். நானும் அக்காவும் ஜெர்மன் காரின் பின்சீற்றில் தனியாக இருந்தோம்.

"எத்தின வருசத்துக்கு எழுதப் போறீங்க மிஸ்?" என்று கேட்டார்.

"அஞ்சு வருசம் அக்கா."

அவர் சிரித்தார். "நான் அவ்வளவுக்கு இருக்க மாட்டன். டொக்டர் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனா அவர் கணக்கு வேற."

அவர் தேத்தண்ணிக் கடைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார்.

"மிஸ், எனக்காக ஒண்டு செய்ங்க. ரெண்டாவது போட்ட விக்க விட வேணாம். நான் போன பிறகு இந்தக் காரத் திருப்பிக் குடுத்து, ஒரு போட்டாவது அவர் திரும்ப வாங்குற மாதிரிப் பேப்பர எழுதுங்க. நான் கேட்டன் எண்டு அவருக்குச் சொல்ல வேணாம். கோவிப்பார்."

கார் புறப்பட்டது. அக்கா தலையைச் சாய்த்தார். நுரைச்சோலை வருமுன் அவர் கை என் மடியில் தளர்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த சவரிமுத்து அண்ணன் வேகத்தைக் குறைத்தார். சேர் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் மெல்லிய குரலில், "இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க" என்றார். எந்த வேலையும் இல்லாமல் பாலாவிச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினோம்.

அன்று பின்னேரம் கிளையில் இருந்து நாங்கள் மூன்று பக்கமும் பேரம் பேசினோம். முதலில் ஹாஜியார். சேர் ஒரு துண்டில் விலையை எழுதித் திருப்பி வைத்தார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "சேர், இது நான் எடுத்த விலைதான். எனக்கு இதில என்ன மிஞ்சும்?" என்றார். சேர் கையைக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஹாஜியார் ஒத்துக்கொண்டார்.

அடுத்தது தலைமை அலுவலகம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளிக்கடலுக்குப் போக முடியாது, களப்பு மீன்தான். அந்த மாதங்களுக்குத் தவணையைப் பாதியாகக் குறைத்து, மற்ற மாதங்களில் கொஞ்சம் கூட்டி வைக்கலாம் என்று நான் எழுதினேன். அப்படியான தவணை உழவு இயந்திரத்துக்கு மட்டும்தான் என்றார்கள். சேர் போனை வாங்கி, ஒரு நோயாளி றோட்டில் நித்திரை கொண்டதைச் சிங்களத்தில் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு சம்மதம் வந்தது.

மூன்றாவதுதான் கடினமாக இருந்தது. அக்கா கேட்டதை நான் சேரிடம் மட்டும் சொன்னேன். இரண்டாவது போட்டை விற்றுக் கொண்டுவரும் காசைக் கம்பனி ஏற்காது என்று சவரிமுத்து அண்ணனிடம் சொல்லும்படி சேர் சொன்னார். ஐந்து வருடத்துக்குள் எப்போதாவது காரைத் திருப்பித் தர வாடிக்கையாளர் விரும்பினால், குறித்த விலைக்கு ஹாஜியார் எடுக்க வேண்டும் என்று ஒரு உடன்படிக்கை எழுதினோம். லீசிங்கை முடித்து, பாவித்த போட் ஒன்று வாங்க அந்த விலை போதும். ஹாஜியார் இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, 'விரும்பினால்' என்ற சொல்லை எடுக்க வேண்டும், கார் கட்டாயம் தனக்கே வர வேண்டும். மற்றது, காரில் மீன் பெட்டி ஏற்றக் கூடாது. மீனுக்குச் சரி என்றோம். சொல்லுக்குச் சேர் கையைக் கட்டிக்கொண்டார். சொல் நின்றது.

தவணையைச் சராசரி பார்த்தால் அம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. சவரிமுத்து அண்ணன் கையெழுத்துப் போடும்போது, "திருப்பிக் குடுக்கிறதப் பத்தி ஏன் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"பழைய காருக்கு அப்படி எழுதுறதுதான் அண்ணன்" என்றேன்.

லூர்து அக்கா அந்தக் காரில் ஒரு வருடத்துக்குக் கிட்டக் கொழும்புக்குப் போய்வந்தார். பிறகு வீட்டில், காலையில், இறந்தார். நான் செத்த வீட்டுக்குப் போனேன். சவுக்கு மரத்தடியில் இருந்த பெண்கள் என்னைக் கண்டதும் கதையைக் குறைத்தார்கள். "லீசிங் மிஸ் வந்திருக்கா. காருக்காக்கும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அக்காவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் என்னிடம் கேட்டதை அந்த வீட்டில் எவரிடமும் சொல்ல முடியாது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உடன்படிக்கைப்படி காரைக் கொடுக்கலாம் என்று சவரிமுத்து அண்ணனிடம் சொன்னேன். பார்ப்பம் என்றார். அதற்குள் இறக்குமதி நின்று, பழைய கார்களின் விலை ஏறத் தொடங்கியது. ஒருநாள் ஹாஜியாரே எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், அந்தப் பேப்பர் விலைக்கு அவர் எனக்குத் தந்தா எனக்கு நல்ல லாபம். ஆனா மனுசி மையத்தான வீட்டுக் காசு எனக்கு வேணாம். வெளியில இது ரெண்டு மடங்கு போகுது. அவருக்கு ஒருக்காச் சொல்லி வைங்க."

சொன்னேன். அதற்கும் பார்ப்பம் என்றார். கற்பிட்டியிலேயே கட்டலாம், ஆனாலும் மாதாமாதம் ஏழாம் திகதி புத்தளத்துக்கு வந்து என் மேசையில்தான் கட்டினார். கட்டியபின் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் போவார். பிள்ளைகள் இருவரும் இத்தாலியில். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பார்களாம்.

பிறகு எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, போட் கரையில் கிடந்தது. அவருடைய தவணை ஒன்று தவறியது, பிறகு இன்னொன்று, பிறகும் ஒன்று. குணசேகர சேர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். புதிதாக வந்தவர் இழுக்க வேண்டிய வாகனங்களோடு இதையும் சேர்த்தார். ஆட்களை அனுப்ப முதல் நான் ஒருக்காப் போய்க் கதைக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கும் ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன.

பின்னேரம் நான் போனபோது வீடு திறந்திருந்தது, ஆள் இல்லை. தென்னைகளுக்கு நடுவே தகரக் கொட்டகையில் கார் நின்றது. அவர் சாரதி இருக்கையில் இருந்தார். எஞ்சின் ஓடவில்லை. என்னைக் கண்டதும் மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி இருந்தேன்.

"இழுக்க வந்தீங்களா மிஸ்?"

"இல்ல அண்ணன். கதைக்க வந்தன்."

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொழும்புக்குப் போய் வாற முழுக்க நான் முன்னால, அவ பின்னால. ஒரு சத்தமும் இருக்காது. இப்பவும் அப்படித்தான் இருக்கு. பின்னால திரும்பிப் பாக்காட்டி அவ நித்திர எண்டு நினைக்கலாம். அதுதான் விக்கேலாம இருக்கு."

நானும் பின்னால் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா என்னிடம் கேட்டதைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று அவர் கேட்டதையும் சேர்த்தே சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தார்.

"எந்த இடத்தில வெச்சுச் சொன்னா?"

"இதுக்குள்ளதான். நீங்க தேத்தண்ணிக் கடைக்குப் போன நேரம்."

"எப்படிக் கேட்டா? அழுதாளா?"

"இல்ல அண்ணன். சிரிச்சிட்டுத்தான் கேட்டா."

அவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். "அப்ப விப்பம்" என்றார்.

ஹாஜியார் எங்கிருந்தோ ஒரு கேன் பெற்றோல் அனுப்பினார். சிலாபத்துக்குக் கொண்டுபோகத் தன்னோடு வரமுடியுமா என்று அண்ணன் கேட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன். வழியில் அதிகம் கதைக்கவில்லை. ஹாஜியார் வெளிவிலைக்கு ஆள் பிடித்து வைத்திருந்தார், தனக்கென்று சின்னத் தரகு மட்டும் எடுத்தார். லீசிங் முடிந்தது. விற்ற போட்டுக்குப் பதிலாக வேறு போட் வாங்கவும், அதற்கு மேலும் மிச்சம் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல நெருக்கம். பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தோம். பாலாவி கிட்ட வரும்போது அவர் சொன்னார், "வித்தாச்சு எண்டு வீட்ட போய்ச் சொல்ல ஒருத்தரும் இல்ல மிஸ். அதுதான் உங்கள வரச் சொன்னன்." நான் தலையை ஆட்டினேன். என் அறையிலும் சொல்ல ஆள் இல்லை என்பதை ஏனோ சொல்ல வாய் வரவில்லை. அவர் கற்பிட்டி பஸ்ஸுக்கு இறங்கினார்.

கொஞ்ச நாளில் நானும் ஓய்வு பெற்றேன். ஒரு கேக், ஒரு சேலை, ஒரு படம். அடுத்த நாள் காலையில் உடுத்து வெளிக்கிட்டபின்தான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. போன் அடித்தது. சவரிமுத்து அண்ணன்.

"மிஸ், இண்டைக்கு ஏழாம் திகதி. கட்ட ஒண்டும் இல்ல. சும்மா எடுத்தன்."

அதன்பிறகு மாதாமாதம் ஏழாம் திகதி எடுப்பார். காற்று எப்படி, வெங்காயம் என்ன விலை போகுது, போட்டுக்கு என்ன கோளாறு என்று கொஞ்சம் கதைப்பார், வைப்பார். போன மாதம் எடுக்கவில்லை. மத்தியானம் வரை பார்த்தேன். பிறகு நானே எடுத்தேன். இத்தனை வருடத்தில் வேலை விஷயம் இல்லாமல் நான் ஒரு வாடிக்கையாளருக்கு எடுத்த முதல் அழைப்பு அது.

"என்ன மிஸ்," என்றார், குரலில் பயம் இருந்தது. "பழைய கணக்கில ஏதும் பாக்கி வந்திருக்கா?"

"இல்ல அண்ணன். சும்மா எடுத்தன்."

அந்தப் பக்கம் காற்றின் சத்தம் கேட்டது.

"அப்ப கொஞ்சம் இருங்க மிஸ்," என்றார். "ஒரு கதிரைய எடுத்துப் போட்டுட்டு வாறன்."